கொடுவா ஏறவில்லையா? குறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

ஐப்பசி மழை நன்றாகப் பெய்து வைகையின் முகத்துவாரம் திறந்துகொண்டால், ஆற்றங்கரைக்குத் தூண்டிலோடு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் வீசியும் மீன் ஏறாவிட்டால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: போலி மீனை மாற்றுவது. வெள்ளையைக் கழற்றிப் பச்சை, பச்சையைக் கழற்றித் தங்க நிறம். அதுவும் பலிக்காவிட்டால் அடுத்த வாரம் கடையில் இன்னும் இரண்டு வாங்கி வருகிறார்கள். இந்தக் கரையில் பதினெட்டு ஆண்டுகளாகக் கொடுவாவுக்குத் தூண்டில் போடுகிறேன். நிறத்தால் கெட்டுப்போன நாள் எனக்கு நினைவில் மிகக் குறைவு. பிழை பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று நாம் தேர்ந்தெடுத்த தண்ணீர். இன்னொன்று தூண்டில் முள்ளுக்கு மேலே இருக்கும் கடைசி ஒரு பாகத் (ஏறத்தாழ ஆறடி) தங்கூசி, அதாவது நூல் நுனியில் கட்டும் நைலான் இழை. இடையில் இருக்கும் ராடுக்கும் ரீலுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, இந்த இரண்டையும் பாராமல் விடுகிறோம்.

ஆகவே என்ன நடந்தது என்ற குறியிலிருந்து தொடங்கி, பிழைக்குப் போகும் முறையில் எழுதுகிறேன். உங்களிடம் எட்டு அல்லது ஒன்பது அடி ராடு, 4000 அளவு ரீல், 30 பவுண்டு பின்னல் நூல், நுனியில் 50 பவுண்டு தங்கூசி, பத்து முதல் பன்னிரண்டு செ.மீ. ரப்பர் மீனோ உயிருள்ள மடவைக் குஞ்சோ இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். கரையிலிருந்து கொடுவா பிடிக்க இதுவே போதும்.

குறி: காலை முழுக்க ஒரு கொத்தல்கூட இல்லை

பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் எந்தக் கடலின் ஓரம் நிற்கிறோம் என்று பாருங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வாய்த்த பேறு, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இரண்டு கடல்கள். பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பாம்பன், ராமேசுவரம் மீனவர்கள் சொல்வார்கள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் புரண்டு கிடக்கும், வடகடல் குளம்போல் படுத்திருக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை பிடித்தால் நிலைமை தலைகீழ். காற்று நேராக முகத்தில் அறைகிற கரையில் நின்று நாள் முழுக்க வீசுவது வீண். வண்டியை எடுத்துக்கொண்டு மறுகடலுக்குப் போனாலே பாதி நோய் தீரும்.

அடுத்தது நீரின் கலக்கம். கொடுவா லேசான கலங்கலில் துணிந்து வேட்டையாடும், சேற்றில் ஆடாது. முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பாருங்கள். பாதம் மங்கலாகத் தெரிந்தால் நல்ல நீர். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே தெரியாவிட்டால் வேறிடம் தேடுங்கள். மழைக்குப் பிறகு ஆற்றுச் செந்நீரும் கடலின் பசுநீரும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டில் பசுநீர்ப் பக்கம் வீசுங்கள். ஆற்றோடு அடித்து வரப்படும் இறாலும் சிறுமீனும் அங்கேதான் தடுமாறும்.

மூன்றாவது ஓட்டம். இதில்தான் காணொளிகளைப் பார்த்துக் கற்றவர்கள் ஏமாறுகிறார்கள். கொடுவா பிடிப்பதைப் பற்றிய காணொளிகளில் பல வடக்கு ஆஸ்திரேலியாவில் எடுத்தவை. டார்வின் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஏழு மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. நம் கரையில் அது ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. அவர்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் யோசனையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பொருந்தாது. இங்கே நிலவு எவ்வளவு நீரை நகர்த்துகிறதோ, ஏறத்தாழ அதே அளவுக்குக் காற்றும் நகர்த்துகிறது. பாம்பன் கால்வாயைப் பாருங்கள்: கச்சான் காலத்தில் ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே, வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. ஓத அட்டவணை வற்றம் என்று சொல்லும் நேரத்தில், வாடை நீரைக் கரைமேல் தள்ளிக்கொண்டிருக்கலாம். ஒரு காய்ந்த இலையை நீரில் போட்டு அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பாருங்கள். அதைவிட நம்பகமான கருவி என்னிடம் இல்லை.

அட்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பார்கள். தூண்டிலுக்கு அது பொருந்தித்தான் வருகிறது. அரை நிலா நாட்களிலும் அதையொட்டிய ஓரிரு நாட்களிலும் நீர் ஓட்டம் தளர்ந்துவிடும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பிந்திய மூன்று நாட்கள் என் கணக்கில் மிகச் சிறந்தவை. வற்றம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம், ஓடையிலிருந்து நீர் கடலுக்குத் திரும்பும் வேளை, இவற்றுக்கு நான் வேலையைக்கூட ஒத்திவைத்துவிட்டுப் போவதுண்டு.

நான்காவது இரைமீன். தூண்டில் பிடிக்கத் தொடங்கிய முதல் ஆண்டு, ஆற்றங்கரையில் வீச்சுவலை போடும் ஒரு பெரியவரிடம், “மாமா, இங்கே கொடுவா இருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் நீரிலிருந்து கண்ணை எடுக்காமலே, “தம்பி, என்னைக் கேட்காதே, மடவையைக் கேள்” என்றார். மடவைக் கூட்டம் மேலே மெத்தனமாக மேய்ந்துகொண்டிருந்தால் கீழே பயம் இல்லை என்று பொருள். கூட்டம் இறுகி, கரையை ஒட்டி ஒதுங்கி, திடீரென்று நாலைந்து ஒரே திசையில் துள்ளினால் அடியில் ஏதோ இருக்கிறது. மடவையே இல்லாத இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நான் நிற்பதில்லை.

ஐந்தாவது மறைவிடம். கொடுவா துரத்தி ஓடும் மீன் அல்ல. மதகின் நிழல், அலையாத்தியின் வேர், துறைமுகக் கல்தடுப்பின் மூலை, பாலத்தூணுக்குப் பின்னால் நீர் சுழலும் இடம் இவற்றில் ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, வருவதை விழுங்கும். ஆகவே போலி மீன் ஓட்டத்தோடு இறங்கி அதன் முகத்துக்கு முன் வரவேண்டும். ஓட்டத்துக்கு மேல்பக்கம் வீசி, கீழே வரவிடுங்கள். கைவலிக்க அறுபது மீட்டர் வீசுகிறவர்கள், காலடியில் பத்து மீட்டருக்குள் நிற்கும் மீனை மிதித்துக் கலைத்துவிட்டே வீசுகிறார்கள். முதல் ஐந்து வீச்சும் கரையை ஒட்டியே இருக்கட்டும், அதுவும் நீரில் கால் வைப்பதற்கு முன்.

கோடையில் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைந்துவிட்டால் கதை வேறு. உள்ளே சிக்கிய நீர் சூடேறி, உப்பு ஏறி, உயிர்வளி குறைந்து கிடக்கும். அங்கே இருக்கும் கொடுவா விடியலுக்கு முந்திய ஒரு மணி நேரம் தவிர வாய் திறக்காது. அந்த மாதங்களில் ஓடையை விட்டுவிட்டு, குண்டாறு கடலைத் தொடும் மூக்கையூர் பக்கமோ கல்தடுப்புகளின் பக்கமோ இரவில் போவதுதான் பயன் தரும். மார்கழி, தையில் மழையும் வாடையும் நீரைக் குளிர்வித்த நாட்களிலும் இந்த மீன் சோம்பும். வெப்பநீர் மீன் அது. அப்போது நண்பகல் வெயில் ஏறிய ஆழமில்லாத மூலைகளைத் தேடுங்கள், இழுக்கும் வேகத்தைப் பாதியாக்குங்கள்.

இடம் தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அவற்றில் கால் வைக்கக்கூடாது, தூண்டிலோடு போவது குற்றம். காரங்காட்டு அலையாத்தி வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது, அவர்களைக் கேட்காமல் உள்ளே வீசாதீர்கள். கரைவலை இழுக்கிற இடத்தில், விரித்த வலையின் மேல் வீசாதீர்கள். அது அந்தக் குடும்பத்தின் அன்றைய அடுப்பு. பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் நின்று வீசுவதும் வேண்டாம். பின்னால் பஸ் போகும் இடம் அது, முள் ஒரு பயணியின் கண்ணில் போய்த் தைக்க ஒரு நொடி போதும்.

குறி: கொத்தல் இருக்கிறது, இரை மட்டும் காணாமல் போகிறது

டக் டக் டக் என்று சின்னச் சின்னதாக, நிற்காமல் தட்டினால் அது கொடுவா அல்ல. ரப்பர் மீனின் வால் பிறை வடிவில் துண்டாகி வந்தால் பேத்தை மீன். இறாலின் உடலைக் காலி செய்து மேலோட்டை மட்டும் விட்டிருந்தால் கிளாத்தி அல்லது நண்டு. முள்ளைச் சிறிதாக்கி அவற்றைப் பிடிக்கப் பார்ப்பது வீண் வேலை. இரையைத் தரையிலிருந்து மேலே தூக்குங்கள்: மிதவை கட்டி அரைநீரில் நிறுத்தினால் நண்டுத் தொல்லை தீரும். பேத்தை கூட்டமாக இருந்தால் இடம் மாறுவதைத் தவிர வழி இல்லை. பிடிபட்ட பேத்தையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் அழியாது, உயிரைக் கொல்லும்.

குறி: பின்னாலேயே வருகிறது, வாய் வைக்கவில்லை

தெளிந்த நீரில் மாலை வெயிலில் இதைப் பார்க்கலாம். போலி மீனுக்குப் பின்னால் ஒரு நிழல், கரைவரை வந்து திரும்பிவிடும். நிறத்தை மாற்றத் தோன்றும். அதற்கு முன் வேகத்தைப் பாருங்கள். ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு வந்தால், பாறை மீனோ கட்டாவோ அடிக்கும், கொடுவா அடிக்காது. அதற்கு இடைநிறுத்தம் வேண்டும். இரண்டு சுற்று, ஒரு சிறு உதறல், பிறகு இரண்டு மூச்சு நேரம் சும்மா நிற்கவிடுங்கள். நான் பிடித்த கொடுவாக்களில் பெரும்பாலானவை அந்த நின்ற கணத்தில்தான் எடுத்தன. அதனால் நிறுத்தும்போது உடனே மூழ்கிவிடுகிற கனத்த தலையை விட, மெல்ல அமிழ்வதோ அந்தரத்தில் நிற்பதோ மேல். இன்னொன்று: கொடுவாவின் கண் மேல்நோக்கியே பார்க்கும் அமைப்பு. அதன் தலைக்குக் கீழே போகும் இரையை அது பொருட்படுத்துவதில்லை. இரண்டு மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் ஒன்றரை மீட்டரில் ஓட்டுங்கள்.

அப்படியும் திரும்பினால் தங்கூசியை 50-லிருந்து 40 பவுண்டுக்கு இறக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

குறி: ‘டொப்’ என்று சத்தம், கையில் கனமில்லை

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இரவில் தூக்கம் வராது. கொடுவா கடிப்பதில்லை, உறிஞ்சும். பெரிய வாயைத் திடீரென்று திறந்து, இரையையும் சுற்றியுள்ள நீரையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அந்த ஓசைதான் நீங்கள் கேட்டது. ராடு நுனியை இரைக்கு நேராக நீட்டி, நூலை விறைப்பாக வைத்திருந்தால் இரை உள்ளே போக முடியாது. பின்னல் நூலுக்கு இழுபடும் தன்மை இல்லாததால் இது இன்னும் மோசமாகும். ராடைப் பக்கவாட்டில் சாய்த்து, நுனிக்கும் இரைக்கும் இடையே கொஞ்சம் தொய்வு இருக்கும்படி வேலை செய்யுங்கள். சத்தம் கேட்டவுடன் வெட்டி இழுக்கவும் கூடாது. கனம் கைக்கு வந்தபிறகே, பக்கவாட்டில் ஒரே உறுதியான இழுப்பு.

உயிர் மடவையை வட்ட முள்ளில் கோத்திருந்தால் வெட்டியே இழுக்காதீர்கள். மீன் திரும்பிப் போகும்போது ரீலை நிதானமாகச் சுற்றி நூலை இறுக்கினால் போதும், முள் தானாக வாயோரத்தில் பதியும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தவறினால் முள் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுங்கள். கீறிக்கொண்டு நிற்கவேண்டும். வழுக்கினால் அது மழுங்கிய முள். கல்லில் ஒட்டிய ஆளிச் சிப்பியின் ஓட்டிலும் கொட்டலசிலும் ஒருமுறை உரசினாலே முனை மடங்கிவிடும். ரப்பர் மீனில் முள்ளின் வளைவுக்கும் உடலுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். தடித்த ரப்பர் அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் முள் எதையும் பற்றாது.

குறி: மாட்டியது, துள்ளியது, போய்விட்டது

துள்ளல்தான் இந்த மீனின் அழகும் ஆயுதமும். செவுளை விரித்து, தலையை உதறி, போலி மீனின் கனத்தையே நெம்புகோலாக்கி முள்ளைக் கழற்றிவிடும். அது துள்ளப் போகிறது என்பதை நூல் முன்கூட்டியே சொல்லும். நீருக்குள் சரிந்திறங்கிய நூல் மெல்ல மேலேறிக் கிடைமட்டமாகும். அந்த நேரத்தில் ராடைத் தூக்குவது இயல்பான தவறு. நுனியை நீருக்குள் அமிழ்த்துங்கள், பக்கவாட்டில் இழுவையை விடாமல் வையுங்கள். நூல் தாழ்ந்திருந்தால் மீன் முழுதாக எழும்ப முடியாது, பாதி எழும்பிப் புரளும்.

தப்பிய பிறகு முள்ளைப் பாருங்கள். விரிந்திருந்தால், போலி மீனோடு கடையில் வந்த மெல்லிய மூன்றுமுனை முள்தான் காரணம். நான் வாங்கியவுடனேயே அவற்றைக் கழற்றிவிட்டுத் தடித்த ஒற்றை முள் பூட்டுகிறேன். உதறலில் ஒற்றை முள் நெம்புவது குறைவு, மீனை விடுவிப்பதும் எளிது. முள் விரியாமல் நுனியில் மெல்லிய தோல் ஒட்டியிருந்தால் நீங்கள் அதிகமாக இழுத்துவிட்டீர்கள். கொடுவாவின் வாயோரச் சவ்வு காகிதம் போன்றது, இறுக்கி இழுத்தால் துளை பெரிதாகி முள் உருவிவிடும்.

குறி: நூல் அறுந்துவிட்டது

வருத்தத்தில் நுனியை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அறுந்த நுனி ஒரு வாக்குமூலம். கண்ணருகில் கொண்டுவந்து, விரலால் தடவிப் படியுங்கள்.

பன்றிவால் போல் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியது. முடிச்சை இறுக்கும்முன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்த தங்கூசியை வேகமாக இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே அதன் பலம் போய்விடும். பின்னல் நூலையும் தங்கூசியையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு மிகச் சிறந்தது. ராடு வளையங்களில் தடங்கல் இல்லாமல் போகும். வீட்டில் ஐம்பது முறை போட்டுப் பழகுங்கள், காற்றில் கரையில் நின்று கற்க முடியாது. அதுவரை அல்பிரைட் முடிச்சு போதும்.

நுனி வெண்மையாகி, சொரசொரப்பாக இருந்தால் உராய்வு. எங்கே உராய்ந்தது என்பதையும் பாருங்கள். முள்ளிலிருந்து ஒரு சாண், இரண்டு சாணுக்குள் என்றால் மீனே அறுத்தது. கொடுவாவின் பல் அறுக்காது, அது வெறும் உப்புத்தாள் போன்ற மேடு. அறுப்பது செவுள் மூடியின் விளிம்பு. அது சவரக் கத்திக்கு நிகர். 40 பவுண்டுக்குக் கீழே இறங்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான். உராய்வு ஒரு பாகத்துக்கும் மேலே என்றால் வேரிலோ தூணிலோ ஒட்டிய ஆளி. அப்படியானால் பிழை தங்கூசியில் இல்லை, நீங்கள் நின்ற இடத்தில். மீன் மாட்டியதும் எந்தப் பக்கம் ஓடும் என்று முன்னமே கணித்து, மறைவிடத்துக்கும் அதற்கும் குறுக்கே நிற்கும் கோணத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே வீசவேண்டும். முதல் ஐந்து நொடியில் அதன் தலையைத் திருப்பாவிட்டால் மீன் உங்களுடையது அல்ல.

கத்தியால் வெட்டியதுபோல் துல்லியமாக இருந்தால் பல். அது கொடுவா இல்லை, ஊளியோ முள்ளுவாளையோ பேத்தையோ. மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள், கம்பி மட்டும் கட்டாதீர்கள். கம்பியைப் பார்த்தால் கொடுவா வராது.

தங்கூசி முழுதாகப் போய், பின்னல் நூலே எங்கோ நடுவில் அறுந்திருந்தால் இரண்டு காரணங்கள்: நூலில் முன்னரே காயம் இருந்திருக்கலாம், அல்லது மீன் இழுக்கும்போது நூலை அளவோடு விடும் ரீலின் டிராக் சிக்கியிருக்கலாம். ஒரு ஸ்பிரிங் தராசை நூலில் மாட்டி, ராடை வளைத்து இழுத்துப் பாருங்கள். 30 பவுண்டு நூல் என்றால் அது தாங்குவது சுமார் 13.6 கிலோ. அதில் கால்பங்கு, அதாவது மூன்றரைக் கிலோவில் நூல் இறங்கத் தொடங்கவேண்டும். வழுவழுவென்று இறங்காமல் விட்டு விட்டு வெட்டி இறங்கினால், டிராக் வட்டைகளுக்கு இடையே உப்பு படிந்திருக்கிறது. கரையிலிருந்து திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு மெல்லிய நன்னீர் தெளித்துக் கழுவுங்கள், பிறகு முற்றிலும் தளர்த்தி நிழலில் காயவையுங்கள். குழாய் நீரைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை இரவு, வைகை முகத்துவாரத்தில் ஒரு பெரிய மீன் என் இரையை எடுத்தது. கால் மணி நேரம் போராடினேன். நெற்றி விளக்கின் ஒளியில் அதன் கண் தணல்போல் சிவந்து தெரிந்தது, இரண்டு கை எட்டும் தூரம். அப்போது நூல் விட்டது. நுனியைப் பார்த்தேன்: வெள்ளையாக, சொரசொரப்பாக, முள்ளிலிருந்து ஒரு சாண். அதே தங்கூசியில் அதே மாலையில் ஒரு சிறு கொடுவாவைப் பிடித்து விட்டிருந்தேன். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், சின்னதோ பெரியதோ, கடைசி இரண்டு சாணை விரலுக்கிடையே உருவிப் பார்க்கிறேன். சந்தேகம் என்றால் வெட்டி மறுபடி கட்டுகிறேன். ஒரு நிமிட வேலை. அந்த மீன் இன்னும் என் கனவில் வருகிறது.

குறி: வீசும்போது நூல் கொத்தாகக் கிளம்புகிறது

ரீலில் நூலை விளிம்புவரை நிரப்பியிருந்தால், அல்லது தொய்வோடு சுற்றியிருந்தால் இது நடக்கும். விளிம்புக்கு இரண்டு மி.மீ. கீழே நிறுத்துங்கள். வீசியவுடன் கம்பி வளையத்தைக் கையால் மடக்கி, நூலை ஒருமுறை இழுத்து இறுக்கியபிறகே சுற்றுங்கள். எதிர்க்காற்றில் இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் ஒரு மாலை முழுக்கச் சிக்கெடுப்பதிலேயே போகும்.

குறி: வாளியில் இரை செத்துக் கிடக்கிறது, முள்ளில் பாசி மட்டும் வருகிறது

இறால் சாவதற்கு முதல் காரணம் சூடு, இரண்டாவது நெருக்கடி. பத்து லிட்டர் வாளியில் பத்து இறாலுக்கு மேல் வேண்டாம். பேட்டரியில் ஓடும் சிறு காற்று மோட்டார், ஈரச் சாக்கு மூடிய வாளி, அரை மணிக்கு ஒருமுறை புது நீர், இவை போதும். கோக்கும்போது இறாலின் தலையில் தெரியும் கரும்புள்ளியைத் தவிர்த்து, கொம்புக்கு அடியில் முள்ளைச் செலுத்தினால் நெடுநேரம் நீந்தும். மடவையை மேலுதட்டில் கோத்துவிடுங்கள்.

பாசியும் கடற்புல்லும் வடகடலின் இயல்பு. காற்றுக்குப் பின் அறுந்து மிதக்கும். அந்த நாட்களில் மூன்றுமுனை முள்ளை விட்டுவிட்டு, முனையை ரப்பருக்குள் புதைத்த ஒற்றை முள்ளைப் பயன்படுத்துங்கள். அந்தப் புல்வெளியைத் தொல்லை என்று திட்டாதீர்கள். நாம் தேடும் மீனின் இரை வளர்வதும் ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வதும் அங்கேதான்.

குறி: மீன் கரைக்கு வந்தது, கை கிழிந்தது

செவுள் மூடிக்குள் விரல் விடக்கூடாது. துணியோ கையுறையோ போட்டுக் கீழ்த்தாடையைப் பெருவிரலால் பற்றி, மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். முள்ளைக் கழற்ற நீண்ட இடுக்கி வேண்டும். வலையில் அள்ளுவதானால் முடிச்சில்லாத ரப்பர் வலை.

கொடுவாவுக்குப் போட்ட தூண்டிலில் கெளுத்தி வந்தால் இன்னும் கவனம். முதுகிலும் பக்கத் துடுப்புகளிலும் உள்ள முட்களில் நஞ்சு உண்டு. குத்திவிட்டால், கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாமல், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள், வலி அடங்கும். குத்துப்பட்ட இடம் மரத்துப்போய்ச் சூடு தெரியாமல் இருக்கலாம், ஆகவே மறுகையால் வெப்பத்தைச் சோதியுங்கள். முள் முறிந்து உள்ளே நின்றால் மருத்துவரிடம் போகவேண்டும், திருக்கை குத்தினாலும் அப்படியே. சேற்றில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்ந்தால் திருக்கை விலகிப் போய்விடும்.

குறி: விட்ட மீன் மல்லாந்துவிடுகிறது

இதைக் கடைசியில் வைத்தாலும் என் மனத்தில் முதலில் இருப்பது இதுதான். கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதிர்கிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்து, ஏறத்தாழ 80 செ.மீ.க்கு மேல் வளரும்போது பெண்ணாக மாறுகிறது. ஆகவே நாம் ஆசைப்படும் பெரிய மீன் அநேகமாக ஒரு தாய். குஞ்சுதான் பொரிப்பகத்தில் கிடைக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் இந்த மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது உண்மை. அந்தக் குஞ்சுகள் பண்ணைக்குப் போகின்றன. வைகை முகத்துவாரத்துக்கு வேண்டிய குஞ்சுகளை, முகத்துவாரத்தின் உப்புநீரில் முட்டையிடும் தாய்கள்தான் தரவேண்டும். வீட்டுக்கு ஒன்று வேண்டுமானால் இரண்டு மூன்று கிலோ மீனை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் சுவைதான் மேல். பெரியதை விடுங்கள்.

விட்டும் அது மல்லாந்தால் நான்கு காரணங்கள். ஒன்று, மெல்லிய நூலில் அதிக நேரம் போராடவிட்டது. சித்திரை வெந்நீரில் இது உயிரைக் கொல்லும், அப்போது தடித்த தங்கூசியில் விரைவாக முடியுங்கள். இரண்டு, சுடுமணலில் கிடத்தியது. உடலின் வழுவழுப்புப் படலம் போனால் இன்று நீந்தினாலும் நாளை நோய் பிடிக்கும். மூன்று, தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுத்தது. கனத்த மீனுக்கு முதுகெலும்பு அந்த எடையைத் தாங்காது. படம் வேண்டுமென்றால் நீர்மட்டத்திலேயே, ஈரக் கைகளில் கிடைமட்டமாக ஏந்தி ஒரே ஒரு படம். நான்கு, அவசரமாகத் தூக்கி எறிந்தது.

அதன் முகத்தை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, வயிற்றுக்கு அடியில் ஒரு கை, வாலடியில் ஒரு கை வைத்து நிறுத்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், பின்னோக்கி இழுத்தால் செவுளில் நீர் தவறான வழியில் புகும். ஓட்டம் இல்லாத இடமென்றால் மெல்ல முன்னோக்கி நடத்துங்கள். செவுள் சீராகத் திறந்து மூடத் தொடங்கும், பிறகு வாலடியில் பிடித்த கையில் ஒரு விறைப்பு தெரியும். அப்போதும் விடாதீர்கள். அது தானாக வாலை அடித்து உங்கள் பிடியை உதறிக்கொண்டு போகட்டும். சென்ற ஐப்பசியில் ஒரு மீனுக்காக இடுப்பளவு நீரில் இருபது நிமிடம் நின்றேன். அது வாலை அடித்துக் கிளம்பியபோது என் முகம் முழுக்கத் தண்ணீர்.